மடக்குப் பலகை

ரெண்டாவது பிட்டுங்களா? பண்ணிரலாமுங்க டீச்சர், அதுக்கென்ன. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், இப்பத்தான் பசை தடவி வெச்சிருக்கு, சேலையில ஒட்டிக்கும். இந்தச் சேர்ல உக்காருங்க. ஆறுமுகம், அந்த மிஷினைச் சித்த நேரம் நிறுத்துப்பா. ஸ்கூல்ல இருந்து டீச்சர் வந்திருக்காங்க.

போன வருஷத்து ட்ராயிங் பத்திரமா இருக்குதுங்க. நீங்க கணக்கு டீச்சர், இந்த ரோபோ டீமை இந்த வருஷந்தான் உங்க தலையில கட்டியிருக்காங்கன்னு என்ற பையன் அகிலன் சொன்னான். அவந்தானுங்க டீம்ல ரோபோவை ஓட்டறவன். அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிர்றேன். போட்டி நடக்கற மண்டபத்துல ஒவ்வொரு டீமுக்கும் பத்தடிக்குப் பத்தடி, தரையில டேப் ஒட்டி இடம் விடுவாங்க. அதுக்குப் பேருதான் பிட். ஒரு மேட்ச் முடிஞ்சதும் ரோபோவைத் தூக்கிக்கிட்டு அங்கதான் ஓடியாரணும். கழண்டதை மாட்டணும், பேட்டரி மாத்தணும், மறுபடி ஓடணும். பத்து நிமிஷம் கெடச்சாப் பெருசு. இதுக்கு நடுவுல நடுவருங்க ஒவ்வொரு பிட்டா வந்து பாத்து மார்க் வேற போடுவாங்க.

மொத வருஷம் நம்ம பசங்க கொண்டுபோனதைப் பாத்திருக்கணும் நீங்க. பந்தியில போடுற மடக்கு டேபிள் ஒண்ணு. அரிசிச் சாக்குல ஸ்பேனரு. பெயிண்ட் டப்பாவுல நட்டு, போல்ட்டு. பக்கத்து பிட்டெல்லாம் பளபளன்னு இருக்குது, நம்மளது சந்தைக் கடையாட்டம் இருக்குது. எனக்கு மானமே போச்சுங்க. கோயமுத்தூர்ல பாதி வீட்டுக்கு மாடுலர் கிச்சன் பண்ணித் தர்றவன் நானு, என்ற பையன் சாக்குக்குள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டு நிக்கறான். அன்னிக்கே சொல்லிட்டேன், அடுத்த வருஷம் பிட்டு என்ற பொறுப்புன்னு.

நாலு மாசம் ரோசனை பண்ணுனனுங்க. கிச்சன்ல அடுப்பு, சிங்க்கு, ஃபிரிட்ஜு மூணும் முக்கோணமா அமையணும். சமைக்கறவங்க ரெண்டு எட்டுக்கு மேல நடக்கக் கூடாது. அதே கணக்குத்தான் இங்கயும். பேட்டரி, டூல்ஸு, ரோபோ. ரெண்டே ரெண்டு பெட்டி. அடியில சக்கரம். ரயில் வாசல்லயும் நுழையும், லிஃப்ட்லயும் நுழையும். நிறுத்தி விரிச்சா ரெண்டு பக்கமும் ட்ரா, ஒவ்வொரு ட்ராவுலயும் ஃபோமை வெட்டி ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அது அது அளவுல குழி. எந்த ஸ்பேனர் காணோம்னாலும் குழியே காட்டிக் கொடுத்துரும். நடுவுல ரோபோ வெக்கறதுக்கு ஒரு மடக்குப் பலகை. முப்பத்தி நாலு இஞ்ச் உயரம், நம்ம கிச்சன் மேடை உயரம். மேல ஸ்கூல் கலர்ல மைக்கா, கண்ணாடி மாதிரி. நாலு நிமிஷத்துல விரிச்சரலாம், அஞ்சு நிமிஷத்துல மடக்கிரலாம். பெருமைக்குச் சொல்லல, போன வருஷம் சென்னையில நடந்த போட்டியில அத்தனை டீமும் வந்து வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போச்சு. சிறந்த பிட்டுன்னு ஷீல்டு. உங்க பிரின்சிபால் ரூம்ல இருக்குதே, அதுதான்.

என்னங்க கேட்டீங்க?

ஓ. அந்தப் புள்ளையா. தினமும் லேப் ஜன்னல்கிட்ட வந்து நின்னுட்டுப் போகுதுங்களா? மோனிஷாவா இருக்கும். ஒல்லியா, குட்டையா, ரெண்டு ஜடை போட்டு? ஆமாங்க, மோனிஷாதான். போன வருஷம் டீம்ல இருந்துச்சு. இந்த வருஷம் பேரு கொடுத்துச்சுங்களா? கொடுத்த பேரை யாரோ பேனாவுல அடிச்சு வெச்சிருக்காங்களா? அது ஒண்ணுமில்லீங்க டீச்சர், போட்டியில ஒரு சின்ன விபத்து. ரோபோ கீழ விழுந்துருச்சு. அந்தப் புள்ள கையில இருக்கறப்ப விழுந்துச்சு. அதுல செமி ஃபைனல் போயிருச்சு. யாரையும் குறை சொல்றதுக்கில்ல. புள்ளைங்கதானே.

வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டுப் பேரு லிஸ்ட்டு கொடுத்தாகணுமா. அப்ப இன்னும் மூணு நாள்தான் இருக்குது.

நல்ல புள்ளைங்க அது. அப்பா தண்டபாணி, மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு, இங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி. புள்ள ஸ்கூல் விட்டா நேரா கடைக்குத்தான். தரையில சம்மணம் போட்டு உக்காந்து, மோட்டாரை ரெண்டு பாதத்துக்கும் நடுவுல இடுக்கிக்கும். அப்ப ரெண்டு கையும் சும்மா கெடைக்குதில்லீங்களா, கம்பியைச் சுத்தறதைப் பாக்கணும், நமக்குக் கண்ணு வலிக்கும். அதே பழக்கத்துல ரோபோவையும் அப்படித்தான் பாக்கும். மொத வருஷம் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரிச்சு உக்காந்துக்கிட்டு, ரோபோவைச் சாய்ச்சுப்போட்டு, கால்ல அமுக்கிப் பிடிச்சு, செயின் மாட்டுனது. மூணு நிமிஷம். நான் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

எனக்கு அதுதான் பிடிக்கலீங்க. வேகம் பிடிச்சுது. கால் பிடிக்கல. தொழில் சாமானுங்க டீச்சர்! வருஷத்துக்கு ஒருக்கா சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்பிடறோம், அதைப் போயி கால்ல அமுக்கறதுன்னா? நடுவருங்க பாத்தா என்ன நெனப்பாங்க? அதனாலதான் பலகையை அவ்வளவு உயரத்துல வெச்சேன், உக்காந்து பாக்கவே முடியாதபடிக்கு. டிசைன் பண்றப்பவே அந்தப் புள்ள வந்து கேட்டுச்சு. "அங்கிள், கீழ கொஞ்சம் எடம் விடுங்க அங்கிள். ஒரு ரப்பர் மேட் போட்டாப் போதும். எனக்கு நின்னுக்கிட்டுப் பண்ண வராது"ன்னு. நான் சிரிச்சேன். "பழகிக்க அம்மிணி. நாளைக்கு பெரிய கம்பெனியில போயி தரையிலயா உக்காருவே?"ன்னேன். அப்பறம் பலகை மேலயாச்சும் மேட் போடுங்கன்னுச்சு. மைக்காவோட ஃபினிஷிங் போயிருமேன்னு அதையும் போடல.

அங்க என்னங்க பாக்கறீங்க? ஆறுமுகமா? ஆமாங்க, கைவாளை வெச்சு உக்காந்துதான் அறுக்கறான். பலகையைக் கால்ல அமுக்கித்தான் அறுக்கறான். இருபது வருஷமா அப்படித்தான். அது வேறங்க டீச்சர். பலகை வேற, ரோபோ வேற.

இல்ல, வேற இல்லதான். நீங்க சொன்னப்பறம்தான் எனக்கே தெரியுது.

சரி, நடந்ததைச் சொல்லிர்றேன். அன்னிக்கு சென்னையில நாலு மேட்ச் ஜெயிச்சாச்சு. செமி ஃபைனலுக்குப் பதினோரு நிமிஷம் இருக்குது. பசங்க ரோபோவைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க, ரோபோவோட கையை ஆட்டற செயின் கழண்டு தொங்குது. மோனிஷா வந்த வேகத்துல ரோபோவைத் தரையில வெக்கப் போச்சு. நான் டேப்புக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்தேன். நடுவருங்க ரெண்டு பிட்டு தள்ளி வந்துக்கிட்டிருக்காங்க. "மேல வை, மேல வை! ஜட்ஜ் வர்றாங்க"ன்னேன். அது என்னைப் பாத்துச்சு. மேல வெச்சுச்சு. குட்டைப் புள்ளை, எக்கி எக்கி நின்னு செயினை இழுக்குது. ஒரு கை ரோபோவைப் பிடிச்சிருக்கு, ஒரு கையில ஸ்பேனரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு அமுக்கு அமுக்குச்சு. பலகை மடங்கிருச்சு. பதினஞ்சு கிலோ ரோபோ, தலைகீழா விழுந்துச்சு. அதோட கை வளைஞ்சுபோச்சு. அதோட முடிஞ்சுது.

அந்தப் புள்ள பலகை மேல சாஞ்சு மொத்த வெயிட்டையும் போட்டுருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். உயரம் தப்புன்னு வேணா ஒத்துக்கறேன். ரப்பர் மேட் போட்டிருக்கலாம். அதெல்லாம் என்ற தப்புத்தான், யார்கிட்ட வேணாலும் சொல்லுவேன். என்ற சம்சாரத்துக்கிட்டக்கூட சொல்லிட்டேன்.

இருங்க டீச்சர், எந்திரிக்காதீங்க. டீ வந்துக்கிட்டிருக்கு.

அந்தப் பலகைக்கு அடியில ஒரு லாக் பின் உண்டுங்க. விரல் தண்டி இரும்புக் கம்பி, தாங்குகட்டையில சொருகணும். அது இருந்தா பலகை மேல நானே ஏறி நின்னாலும் அசையாது. அது இல்லீன்னா, பாத்தா நல்லா நிக்கிற மாதிரியே இருக்கும். ஆனா ஒரு அமுக்கு அமுக்குனா மடங்கிரும். அன்னிக்கு பசங்க வர்றதுக்கு முன்னாடி ஓசூர் டீம்ல ஒரு பையனோட அப்பா வந்து, "எப்படிங்க மடக்கறீங்க இதை?"ன்னு கேட்டாரு. எனக்கும் வாய் சும்மா இருக்கலை. பின்னை உருவி, பலகையைப் பாதி மடக்கிக் காட்டி, கிச்சன் முக்கோணத்தையெல்லாம் விளக்கிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள பசங்க ஓடியாந்துட்டாங்க. பலகையைத் தூக்கி நிறுத்திட்டு டேப்புக்கு வெளிய வந்துட்டேன். பின்னு என்ற சட்டைப் பையில இருந்துச்சு.

ஆமாங்க. என்ற பையிலதான் இருந்துச்சு.

விழுந்த சத்தத்துக்கு அத்தனை பேரும் ரோபோவைச் சுத்திக்கிட்டாங்க. அகிலன் தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கறான். அப்பத்தான் பையில கை போச்சு. நான் ஒண்ணும் ரோசனை பண்ணலீங்க. சத்தியமாச் சொல்றேன், மனசுல ஒரு நெனப்பும் இல்ல. தொழில்காரன் கை, தொங்கற பலகையைப் பாத்தா தானா நிமித்தப் போகும். மொழங்கால்ல முட்டுக் கொடுத்துப் பலகையைத் தூக்குனேன், பின்னை எடுத்துச் சொருகிட்டேன். ரெண்டு செகண்டு. யாரும் பாக்கல. சொருகி முடிச்சப்பறந்தான் என்ன பண்ணிப்போட்டோம்னு எனக்கே தெரிஞ்சுது. அப்பவும் சொல்லியிருக்கலாம். பின்னு போட மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லி முடிக்கறதுக்கு அஞ்சு செகண்டு ஆகியிருக்குமா? ஜோயல் சார், அதான் உங்களுக்கு முன்னாடி டீமைப் பாத்துக்கிட்டாரே, அவரு வந்து பலகையைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தாரு. இரும்பாட்டம் நிக்குது. "இது மடங்க வாய்ப்பே இல்லையே"ன்னாரு. நான் தலையாட்டுனேன்.

அரை மணி நேரங்கழிச்சு மேடையில கூப்பிட்டாங்க, சிறந்த பிட்டுன்னு. டிசைன் பண்ணுன பேரண்ட்டும் வரட்டும்னாங்க. போனேன். ஷீல்டைப் பிடிச்சுச் சிரிச்சேன். அந்தப் போட்டோவை நீங்க பாத்திருப்பீங்க, நோட்டீஸ் போர்டுல இருக்கு. அதுல ஏழு புள்ளைங்கதான் இருக்கும்.

வெசனமா இருந்துச்சுங்க, இல்லீன்னு சொல்லல. சரி, நாளானா மறந்துரும், அடுத்த வருஷம் அந்தப் புள்ளைக்கு நல்ல உயரத்துல ஒரு பலகை பண்ணிக் கொடுத்துரலாம்னு நெனச்சுக்கிட்டேன். பாத்தீங்களா, அப்பவும் பலகைதான்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க டீச்சர். யாரும் பாக்கலன்னு சொன்னேனில்லீங்களா? அது பொய்யி. மோனிஷா பாத்துச்சு. மத்தவங்கெல்லாம் நின்னுக்கிட்டு இருந்தாங்க, அது மட்டுந்தான் தரையில உக்காந்து செதறுன நட்டைப் பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. பலகைக்கு அடியில என்ற கை, அதுக்கு நேரா அது முகம். நான் பின்னைச் சொருகிட்டுக் குனிஞ்சு பாக்கறேன், அது என்னையே பாத்துக்கிட்டு இருக்குது.

பாத்ததோட விட்டுச்சான்னு கேட்டா, இல்லீங்க. சொல்லுச்சு. அங்கயே, அப்பவே சொல்லுச்சு. ஜோயல் சாரு "மேல ஏறுனியா? சாஞ்சியா?"ன்னு கேட்டப்ப, "இல்ல சார். பின்னு போடல சார். அங்கிள் இப்பத்தான் போட்டாரு"ன்னு தெளிவாச் சொல்லுச்சு. அழக்கூட இல்ல. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. என்ற பையனும் பாத்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. "அட, நான் எதுக்குப் போடறேன்?"னு சண்டைக்குப் போயிருந்தா ஒருவேளை யாராச்சும் சந்தேகப்பட்டிருப்பாங்க. நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டு, "விடுங்க சார். சின்னப் புள்ள. பயத்துல என்ன சொல்றதுன்னு தெரியாம சொல்லுது. நான் தப்பா எடுத்துக்கல"ன்னேன். பக்கத்துல இருந்த பேரண்ட்ஸெல்லாம், "எவ்வளவு பெருந்தன்மை பாருங்க"ன்னாங்க. ஜோயல் சாருக்கு அப்பத்தான் கோபம் வந்துச்சு. ரோபோ விழுந்ததுக்குக்கூட அவரு கோவிச்சுக்கலீங்க. நாலு மாசம் ஒழைச்சுப் பண்ணிக் கொடுத்தவரு மேல பழி போடறியான்னு, அதுக்குத்தான். டீமை விட்டு எடுத்தது அந்தப் பொய்க்குத்தான். ரோபோவுக்காக இல்ல. உங்க லிஸ்ட்டுல பேரை அடிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா எதுக்கு அடிச்சிருப்பாங்கன்னு தெரியும். அது பொய் சொல்ற புள்ளைன்னு பேராயிருச்சு.

அகிலன் ஒரே ஒரு தடவை கேட்டான். ரயில்ல திரும்பி வர்றப்ப. "அப்பா, மோனிஷா பொய் சொல்ல மாட்டாளேப்பா"ன்னான். "படிப்பைப் பாரு"ன்னேன். அதுக்கப்பறம் அவன் அதைப் பத்திக் கேக்கவே இல்ல. என்கிட்ட எதைப் பத்தியுமே அவ்வளவாக் கேக்கறதில்ல.

டீயைக் குடிங்க, ஆறுது.

ஊருக்கு வந்து ஒரு வாரமிருக்கும். ஞாயித்துக்கிழமை, பட்டறையில நான் மட்டுந்தான். தண்டபாணி வந்தாரு. கூட மோனிஷா. அவரு இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தாரு, காயில் கட்டறவரு, கை மட்டும் கருப்பு. இந்தா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் நின்னாங்க. உக்காருங்கன்னேன், உக்காரலை. "ஏனுங்க, எம்புள்ள உங்க மேல வீண்பழி போட்டுருச்சுன்னு சாரு கூப்பிட்டுச் சொன்னாரு. நாங்க அப்படி வளக்கலீங்க. வீட்டுல கேட்டா இன்னும் அதையேதான் சொல்லிக்கிட்டு நிக்குது. நீங்க அதுக்குப் பெருசா ஒண்ணும் சொல்லாம விட்டீங்கன்னும் சொன்னாரு. அந்த மனசுக்குத்தானுங்க வந்தேன்"னாரு. புள்ளை தோள்ல கையை வெச்சு முன்னாடி தள்ளி, "சொல்லு"ன்னாரு.

அது என்னை நேராப் பாத்துச்சு. நான் இப்பச் சொல்லிருவேன்னு அது எதிர்பாத்துச்சுங்க டீச்சர். எனக்கு அது நல்லாத் தெரிஞ்சுது. அப்பா பக்கத்துல இருக்காரு, வேற யாருமில்ல, இப்பவாச்சும் சொல்லிருவாருன்னு நெனச்சுச்சு. நான் டேப்பை எடுத்து ஒரு பலகையை அளந்துக்கிட்டு இருந்தேன். ஏற்கெனவே அளந்து வெட்டி வெச்ச பலகை.

"சாரி அங்கிள்"னுச்சு.

நான் அதோட தலையைத் தடவிக் கொடுத்து, "பரவால்ல கண்ணு, இனிமே பொய் சொல்லக் கூடாது"ன்னேன்.

தண்டபாணி கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு.

இல்லீங்க, நான் அழலீங்க. கண்ணுல மரத்தூளு.

என்னங்க, ட்ராயிங் வேண்டாமா? சரிங்க. சரிதானுங்க. நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து பிரின்சிபால்கிட்டச் சொல்றேன், எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தர்றேன். அது பெருசில்ல, அவங்களுக்கு நான் வெறும் பேரண்ட்டுத்தான். மொதல்ல தண்டபாணிக்குச் சொல்லணும். எம்புள்ள பொய் சொல்லுதுன்னு இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கற மனுஷனுக்கு. கடை ரெண்டே தெருதான். இப்ப அந்தப் புள்ளையும் அங்கதான் இருக்கும்.

நீங்களும் கூட வாங்க டீச்சர். தயவு பண்ணி வாங்க. போகாம இல்லீங்க, மூணு தடவை போயிட்டேன். மூணு தடவையும் வாசல்ல அவரு "வாங்க வாங்க, உங்க மனசு யாருக்கு வரும்"னு சொன்னதும், ஒரு மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்துட்டுத் திரும்பிட்டேன். நம்ம பட்டறை மிஷின்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த மோட்டாருங்க மூணும். ஒத்தையில போனா நாலாவதையும் கழட்டிக் கொடுத்துட்டு வந்துருவனுங்க.